வாயில்லா உயிர்களோடு பேசிய மௌன குரு: பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி

சிவபெருமானின் திருவருள் மானிடப் பிறவிக்கு மட்டுமே உரியது என்று நம் முன்னோர் ஒருபோதும் எண்ணியதில்லை. திருவானைக்காவில் சிலந்தியும் யானையும் வழிபட்டு அருள் பெற்றன. திருக்காளத்தியில் சிலந்தியும் பாம்பும் யானையும் இறைவனடி சேர்ந்து, தம் பெயரையே அத்தலத்திற்கு ஈந்தன. மதுரையம்பதியில் நாரை முத்தி பெற்றதையும் கரிக்குருவி உபதேசம் பெற்றதையும் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கின்றது. இவற்றையெல்லாம் பழங்காலத்துப் புராண நிகழ்ச்சிகள் என்று கேட்டு மகிழ்வதோடு பலர் நின்றுவிடுகின்றனர். ஆயின், 20ஆம் நூற்றாண்டிலேயே, அண்ணாமலையின் அடிவாரத்தில், பசுவும் நாயும் குரங்கும் மயிலும் ஒரு ஞானியின் திருமுன் வந்தமர்ந்து, சொல்லின்றிப் பேசி, சொல்லின்றி விடைபெற்றுச் சென்றன. அந்த ஞானியே பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி. உடனிருந்த அன்பர்கள் பலர் தம் கண்ணாற் கண்டவற்றை எழுதி வைத்தமையால், அவ்வரலாறு இன்றும் நமக்குக் கிட்டுகின்றது.

திருச்சுழியிலிருந்து திருவண்ணாமலைக்கு

பாண்டிநாட்டுத் தேவாரத் தலமான திருச்சுழியில், 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், ஆருத்ரா தரிசனத் திருநாளை ஒட்டிய நள்ளிரவு கடந்த வேளையில், சுந்தரமையருக்கும் அழகம்மைக்கும் இரண்டாம் மகனாக அவர் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். தந்தையார் 1892ஆம் ஆண்டில் காலமானார். சிறுவர் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் இல்லத்தில் தங்கிப் பள்ளிக் கல்வி பயின்றார். அந்நாளில் அவர் கைக்கு எட்டிய பெரிய புராணம் அவருடைய உள்ளத்தை உருக்கியது. மீனாட்சியம்மை திருக்கோயிலும் அறுபத்துமூவர் திருவுருவங்களும் அவரை மீண்டும் மீண்டும் ஈர்த்தன.

1896ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், 16 வயது நிரம்பிய நிலையில், திடீரென மரண பயம் அவரை ஆட்கொண்டது. உடலே மாண்டது போல் கிடந்து, மாள்வது எது, மாளாதது எது என்று தம்முள்ளே ஆராய்ந்தார். சில கணங்களில் அச்சம் அடியோடு அகன்றது. உடலுக்கு வேறான ஆன்ம உணர்வு நிலைபெற்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் வீட்டை விட்டுப் புறப்பட்டு, செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை அடைந்தார். அதன்பின் 54 ஆண்டுகள் அத்தலத்தை விட்டு அவர் எங்கும் சென்றதில்லை.

மரண பயம் நீங்கிய அந்தக் கணத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னாளில் விலங்குகளும் பறவைகளும் அவரிடம் கொண்ட நெருக்கத்திற்கு அதுவே வித்து. தம்மைக் கண்டு அஞ்சுபவனிடமிருந்து விலங்கு விலகி நிற்கும், அல்லது அவனைத் தாக்கும். தம்மை அச்சுறுத்த எண்ணுபவனிடமும் அவ்வாறே நடந்துகொள்ளும். அஞ்சுதலும் அஞ்சுவித்தலும் ஆகிய இரண்டும் அற்ற ஓர் உள்ளம் அண்ணாமலையில் அமர்ந்தபோது, அம்மலையின் உயிர்கள் அதனை அடையாளம் கண்டுகொண்டன.

மௌனமே மொழி

தொடக்க காலத்தில் ஆயிரக்கால் மண்டபத்திலும் பாதாள லிங்கக் குகையிலும் பிற இடங்களிலும் அவர் உடலுணர்வு மறந்த நிலையில் அமர்ந்திருந்தார். 1899ஆம் ஆண்டளவில் மலைமேல் உள்ள விரூபாட்ச குகைக்குச் சென்று 1916 வரை அங்கு உறைந்தார். அந்நாளில் அவர் பேசுவது மிக அரிது. மௌன விரதம் என்று அவர் எதனையும் மேற்கொள்ளவில்லை. பேசுதற்கு உந்துதல் எழவில்லை. 1902ஆம் ஆண்டளவில் சிவப்பிரகாசம் பிள்ளை என்னும் அன்பர் எழுப்பிய வினாக்களுக்கு எழுத்து மூலமாகவே விடையளித்தார். அதுவே பின்னர் நான் யார் என்னும் நூலாயிற்று. 1907ஆம் ஆண்டில் காவ்யகண்ட கணபதி முனிவர் அவருக்குப் பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி என்னும் திருநாமத்தைச் சூட்டினார்.

கல்லால மரத்தின் கீழ் தட்சிணாமூர்த்தியாக எழுந்தருளிய சிவபெருமான், சனகாதி முனிவர் நால்வருக்கும் மௌனத்தாலேயே மெய்ப்பொருளை உணர்த்தினார் என்பது சைவர் அனைவரும் அறிந்தது. பகவானும் மௌன உபதேசத்தையே தலையாயதாகக் கொண்டார். சொல்லால் ஆகும் உபதேசம் மொழியறிந்தவருக்கு மட்டுமே பயன்படும். மௌன உபதேசத்திற்கு மொழித் தடையில்லை, கல்வித் தடையில்லை. எழுத்தறியாத ஏழைக் கிழவிக்கும், கடல் கடந்து வந்த வெள்ளையருக்கும், வாயில்லா உயிர்களுக்கும் அது ஒருங்கே எட்டியது.

நொண்டி என்னும் குரங்கு

விரூபாட்ச குகைக் காலத்தில் மலைக் குரங்குகள் அவரைச் சூழ்ந்து வாழ்ந்தன. அவற்றின் குரல் வேறுபாடுகளை அவர் நாள்தோறும் கேட்டு, எந்தக் குரல் எதனைக் குறிக்கும் என்று அறிந்துகொண்டார். ஒவ்வொரு கூட்டத்திற்கும் ஓர் அரசன் உண்டு என்பதையும், எல்லைகள் உண்டு என்பதையும், போருக்கும் சமாதானத்திற்கும் முன்னர் தூது செல்லும் வழக்கம் உண்டு என்பதையும் கண்டறிந்தார். குரங்குகள் தம்முள் பூசலிட்டபோது அவரிடம் வருவதும், அவர் அவற்றை விலக்கி அமைதிப்படுத்துவதும் வழக்கமாயின.

ஒருநாள், மூத்த குரங்கொன்றால் கடியுண்ட குட்டி ஒன்று கால் நொண்டியபடியே குகையை வந்தடைந்தது. பகவான் அதனைப் பேணிக் காத்து, நொண்டி என்று பெயரிட்டழைத்தார். மனிதர் கைபட்ட குரங்கைக் கூட்டம் மீண்டும் சேர்த்துக்கொள்வதில்லை என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் ஐந்து நாட்களுக்குப் பின் வந்த கூட்டம், பகவானின் பராமரிப்பில் இருந்த குட்டியை எவ்விதத் தயக்கமுமின்றி ஏற்றுக்கொண்டது. அவரைத் தம்முள் ஒருவராகவே அவை கருதின போலும்.

அதன் பின்னரும் நொண்டி வந்து பகவானின் மடியில் அமர்ந்தே உண்ணும். இலையில் இட்ட சோற்றில் ஒரு பருக்கையைக்கூடச் சிந்தாது. ஒருமுறை ஏனோ உணவை வெளியே எறிந்தபோது பகவான் கடிந்துகொண்டார். நொண்டிக்கு ரோஷம் பொங்கியது. அவரது கண்ணருகே அடித்துவிட்டது. அதற்குத் தண்டனையாகச் சில நாட்கள் மடியேறும் உரிமை மறுக்கப்பட்டது. நொண்டி கெஞ்சிக் குழைந்து அந்த இடத்தை மீண்டும் பெற்றது. தவறுக்குத் தண்டனையும் வருந்தியதற்கு மன்னிப்பும் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் இடையே நடப்பது போலவே நடந்தன. பின்னாளில் அந்த நொண்டியே தன் கூட்டத்திற்கு அரசனாயிற்று.

மற்றொரு நாள் பகவானும் அன்பர்களும் கிரிவலம் வருகையில் பசியாலும் களைப்பாலும் வாடினர். அப்போது வழியோரத்து அத்தி மரத்தில் ஏறிய குரங்குக் கூட்டம், கிளைகளை உலுக்கிப் பழங்களைப் பாதை நிறைய உதிர்த்துவிட்டு, தாம் ஒன்றையும் உண்ணாமல் ஓடி மறைந்தது. அருள் பெற்றவர்கள் விருந்தளித்த நிகழ்ச்சி அது.

அஞ்சாமையும் அஞ்சுவியாமையும்

1916ஆம் ஆண்டில் அன்னை அழகம்மையும் மகனோடு வந்து தங்கினார். அவ்வாண்டிலேயே பகவான் மலைமேல் சற்று உயரத்தில் அமைந்த ஸ்கந்தாசிரமத்திற்கு இடம் மாறினார். அங்கே ஒருநாள் நல்லபாம்பு ஒன்று வந்தது. பகவான் அதனை நோக்கி நேரே நடந்தார். பாம்பு இரு பாறைகளுக்கு இடையே புகுந்தது. பாதை அடைபட்டிருந்ததால் திரும்பி, சுருண்டு, அவரை நோக்கியது. அவரும் அதனை நோக்கி நின்றார். சில நிமிடங்கள் கழிந்தன. இனி அஞ்ச வேண்டுவதில்லை என்று தெளிந்தது போலப் பாம்பு சுருள் அவிழ்த்து, அவரது திருவடிகளுக்கு மிக அருகாகவே ஊர்ந்து சென்றது.

பாம்புகளைக் கொல்ல அவர் என்றும் இசைந்ததில்லை. மலை அவற்றின் வீடு, அங்கு பின்னர் வந்து குடியேறியவர்கள் மனிதர்களே, ஆதலின் அவற்றிற்கு இடையூறு செய்யும் உரிமை மனிதர்க்கு இல்லை என்பது அவரது கருத்து.

ஒருமுறை மலையில் தனியே உலவுகையில், அவரது தொடை புதர் ஒன்றில் இருந்த குளவிக் கூட்டில் இடித்துவிட்டது. சீறியெழுந்த குளவிகள் அந்தக் காலையே சூழ்ந்து கொட்டின. பகவான் ஓடவுமில்லை, விரட்டவுமில்லை. கூட்டைக் கலைத்த கால் அதற்குரிய தண்டனையை ஏற்கத்தான் வேண்டும் என்று கருதி, அவை கொட்டி முடிக்கும்வரை அசையாது நின்றார். கால் கடுமையாக வீங்கியது. தெரியாமல் செய்த பிழையாயினும், வீடிழந்த உயிர்களின் துன்பம் துன்பமே என்பதை அவர் மறக்கவில்லை.

சின்னக் கருப்பன் கற்பித்த பாடம்

விரூபாட்ச குகைக் காலத்தில் உடல் முழுதும் கரிய நிறமுடைய நாய் ஒன்று தொலைவில் புதர்களிடையே தலைகாட்டி மறையும். யாரோடும் சேராது தனித்துத் திரியும் அதன் வைராக்கியத்தைப் பகவான் மதித்தார். அது இருக்கும் இடத்தருகே உணவை வைத்துவிட்டு அன்பர்கள் விலகிச் செல்வர். ஒருநாள் அன்பர் குழுவோடு பகவான் மலைப்பாதையில் செல்லும்போது, அந்த நாய் திடீரெனப் பாய்ந்து வந்து, அத்தனை பேருள்ளும் பகவானையே தேர்ந்து, வாலைக் குழைத்து அவர்மீது தாவி மகிழ்ந்தது. அன்றுமுதல் சின்னக் கருப்பன் ஆசிரமவாசிகளுள் ஒருவனானான். வருவோர் போவோர் அனைவரிடமும் உறவு கொண்டாடினான், மடியேறி அமர்ந்தான். போ என்று சொன்னால் மட்டும் கட்டளைக்குப் பணியும் துறவி போல் உடனே அகன்றான்.

அணுக்கத் தொண்டர் பழனிசுவாமி ஒருநாள் அவனைக் கடுமையாக ஏசினார். குளிரும் மழையுமான இரவு அது. சின்னக் கருப்பன் குகையை விட்டு வெளியேறி, சற்றுத் தொலைவில் இருந்த கரி மூட்டையின்மீது இரவு முழுதும் கிடந்தான். காலையில்தான் அவனை மீண்டும் அழைத்து வந்தனர். அதற்கு முன்னரே வேறொரு சிறு நாய் கடிந்துரைக்கப்பட்டபோது, நேரே ஓடி அருகிலிருந்த தீர்த்தத்தில் விழுந்து உயிர்விட்ட துயரமும் நிகழ்ந்திருந்தது. இவ்வுயிர்களுக்கும் அறிவுண்டு, மானம் உண்டு, தமக்கென நெறியும் உண்டு, எந்த ஆன்மா எந்த வினையின் மிச்சத்தைக் கழிக்க இவ்வுடலில் வந்து நம்மை நாடுகின்றதோ யாரும் அறியார், ஆதலின் இவற்றைக் கடுமையாக நடத்தலாகாது என்று அப்போது அனைவருக்கும் அறிவுறுத்தப்பட்டது.

அறிவுறுத்தல் போதவில்லை. குகையருகே வில்வ மரத்தடியில் ஆசாரமிக்க அந்தணர் ஒருவர் மந்திரம் ஓதிக்கொண்டிருந்தார். நாயின் அருகாமையைத் தீட்டாகக் கருதுபவர் அவர். சின்னக் கருப்பனுக்கோ உயர்வு தாழ்வு தெரியாது. எல்லாரிடமும் செல்வது போல அவரிடமும் சென்றான். அந்தணர் மனம் நோகக்கூடாதே என்று எண்ணிய ஆசிரமவாசி ஒருவர் கோலை ஓங்கி அவனை அடித்தார். அடி பலமானதன்று. ஆயினும் சின்னக் கருப்பன் ஓலமிட்டு ஓடினான். அதன்பின் அவன் ஆசிரமத்திற்கு வரவேயில்லை. யார் கண்ணிலும் படவுமில்லை.

பகவான் இந்நிகழ்ச்சியைப் பல்லாண்டுகளுக்குப் பின்னரும் அன்பர்களுக்கு எடுத்துரைத்தார். ஆசாரம் காப்பதற்காக ஓங்கிய ஒரு கோல், நாட்கள் பல கூடி வளர்ந்த ஓர் உறவை ஒரே கணத்தில் முறித்துவிட்டது. ஞானியின் இருப்பிடமாயினும் அங்குள்ளவர் கை தவறினால் அடிபட்ட உயிர் அகன்றுவிடும் என்பதற்கு அதுவே சான்று.

வழிகாட்டிய கமலா, தியானித்த ஜாக்கி

ஸ்கந்தாசிரமத்திற்குக் கமலா என்னும் பெண்நாய் குட்டியாக வந்து சேர்ந்தாள். ஆண்டுதோறும் குட்டிகள் பெருகுமே என்றஞ்சிய சிலர் விரட்டிப் பார்த்தனர். அவள் போகவில்லை. அவள் முதன்முறை ஈன்றபோது நீராட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் இட்டு, தூய்மையான இடத்தில் குட்டிகளோடு பத்து நாட்கள் இருத்தினர். பத்தாம் நாள் முறைப்படி தீட்டுக் கழித்து விருந்தும் நடைபெற்றது. ஒரு வீட்டுப் பெண்ணுக்கு நடக்கும் சிறப்பனைத்தும் அவளுக்கும் நடந்தது. புதிதாக வந்த அன்பருக்கு மலையைச் சுற்றிக் காட்டுமாறு பகவான் அவளிடம் சொன்னால் போதும். அவள் அவரை அழைத்துச் சென்று ஒவ்வொரு திருவுருவமும், தீர்த்தமும், சன்னிதியும் காட்டி அழைத்து வருவாள்.

1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் அன்னை அழகம்மை இறைவனடி சேர்ந்தார். அன்று பகல் முழுதும் பகவான் ஒரு கையை அன்னையின் தலையிலும் மற்றொரு கையை நெஞ்சிலும் வைத்து, உயிர் ஒடுங்கும்வரை அருகிலேயே அமர்ந்திருந்தார். மலையடிவாரத்தில் அன்னையின் சமாதி அமைந்தது. அவ்வாண்டு இறுதியில் பகவானும் அங்கு இறங்கி வந்து தங்கினார். இன்றைய ஸ்ரீ ரமணாசிரமம் அவ்விடத்தே வளர்ந்தது.

அங்கே ஜாக்கி என்னும் நாய் இளங்குட்டியாக வந்தது. பிற நாய்களோடு விளையாடாது, பகவானின் திருமுகத்தையே நோக்கியபடி அமர்ந்திருக்கும். பிரசாதம் வழங்கப்பட்டால் தன் பங்கை முன்னே வைத்துக்கொண்டு காத்திருக்கும். பகவான் உண்ணத் தொடங்கிய பின்னரே தானும் உண்ணும். நோயுற்று உடல் நாறிய காலத்தில் மென்மையான படுக்கை அமைத்து, பகவான் அருவருப்பின்றி அருகிருந்து பேணினார். அவருடைய அரவணைப்பிலேயே அதன் உயிர் அமைதியாக அடங்கியது. ஆசிரம வளாகத்தில் அதற்குச் சமாதி எழுப்பப்பெற்றது. வள்ளி என்னும் மானுக்கும் ஒரு காகத்திற்கும் அவ்வாறே சமாதிகள் அமைந்தன.

பேச்சிலேயே ஒரு பேதமின்மை

தமிழில் விலங்குகளை அது, இது என்று அஃறிணையாற் சுட்டுவதே மரபு. பகவானோ அவன், அவள் என்றே சுட்டினார். பையன்களுக்குச் சோறு போட்டாயிற்றா என்று அவர் வினவினால், கேட்கப்பட்டவை ஆசிரமத்து நாய்களே என்று அன்பர்கள் அறிந்திருந்தனர். உணவு வேளையில் முதலில் நாய்களுக்கும், பின்னர் இரந்துண்ண வந்த ஏழைகளுக்கும், அதன் பின்னரே அன்பர்களுக்கும் உணவிடுவது முறையாயிற்று. உயர்திணைச் சொல் உள்ளத்தில் உயர்வை உண்டாக்கும். உள்ளத்து உயர்வு கையில் கருணையாக வெளிப்படும். இலக்கண வழுவைப் போல் தோன்றும் அச்சொல்வழக்கில் வேதாந்தத்தின் சாரமே அடங்கியிருந்தது.

தரிசனக் கூடத்தில் அணில்கள் அவர் அமர்ந்த சோபாவின்மீது ஏறி, அவர் கையிலிருந்தே முந்திரிப் பருப்பை வாங்கித் தின்னும். குட்டியோடு வரும் தாய்க் குரங்கைத் தொண்டர்கள் விரட்ட முற்பட்டால் பகவான் தடுப்பார். மானிடத் தாய்மார் தம் மகவைக் கொணர்ந்து காட்டுவது போல் அவளும் தன் மகவைக் காட்ட வந்திருக்கின்றாள் என்பது அவர் கண்ட உண்மை.

பசு லட்சுமி

1926ஆம் ஆண்டில் குமாரமங்கலத்து அருணாசலம் பிள்ளை என்னும் அன்பர் ஒரு பசுவையும் அதன் இளங்கன்றையும் பகவானுக்குக் காணிக்கையாக அளித்தார். அக்கன்றே லட்சுமி. அந்நாளில் ஆசிரமம் காட்டை ஒட்டியிருந்தமையாலும், சிறுத்தைகள் நடமாடியமையாலும், தாயும் கன்றும் நகரில் ஓர் அன்பரின் பாதுகாப்பில் விடப்பட்டன. ஒருமுறை அவர் அவற்றைத் தரிசனத்திற்கு அழைத்து வந்தார். அன்று வழியைக் கண்டுகொண்ட லட்சுமி, மறுநாள் முதல் யாரும் ஓட்டிவராமல் தானே காலையில் ஆசிரமம் வந்து, மாலையில் தானே நகருக்குத் திரும்பினாள். பின்னர் ஆசிரமத்திலேயே நிலையாகத் தங்கினாள்.

கூடத்தில் எத்தனை பேர் குழுமியிருந்தாலும் லட்சுமி எவரையும் பொருட்படுத்தாது நேரே பகவானிடம் சென்று, அவரது திருவடிகளில் தலை வைப்பாள். அவர் தடவிக் கொடுப்பார். உணவு வேளை தவறாது வந்து நிற்பாள். பகவானின் ஜயந்தி நாளிலேயே அவள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கன்று ஈன்றதை அன்பர்கள் வியந்து குறித்துள்ளனர்.

சிறு கொட்டகை போதும் என்று பிறர் எண்ணியிருக்க, பகவான் விரும்பியவாறு பெரியதொரு கோசாலை எழுந்தது. புதுமனை புகும் நாளில் லட்சுமியை நீராட்டி அலங்கரித்தனர். நல்ல நேரம் நெருங்கியபோது அவளைக் காணவில்லை. அவள் நழுவிச் சென்று பகவானின் திருமுன் படுத்துவிட்டாள். அவர் எழுந்து உடன் வரும்வரை அவ்விடத்தை விட்டு அசைய மறுத்தாள். பகவான் முன்செல்ல, அவர் பின்னே லட்சுமி தன் புதிய இல்லம் புகுந்தாள்.

மலையில் வாழ்ந்த காலத்தில் கீரைப்பாட்டி என்னும் ஏழை மூதாட்டி, காட்டில் கீரை பறித்துச் சமைத்து அன்போடு பகவானுக்கு ஊட்டி வந்தார். அந்த மூதாட்டியே லட்சுமியாகப் பிறந்து வந்தார் என்று அன்பர் பலர் நம்பினர்.

1948ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள் லட்சுமி நோயுற்றாள். மறுநாள் முடிவு நெருங்கியது. காலை பத்து மணியளவில் பகவான் கோசாலைக்கு எழுந்தருளி, வைக்கோலின்மீது அவளருகே அமர்ந்தார். அவளது தலையை இரு கைகளாலும் ஏந்தி, கண்ணோடு கண் நோக்கினார். தீட்சை அளிப்பது போல ஒரு கையைத் தலையிலும், மற்றொரு கையை நெஞ்சிலும் வைத்தார். தம் கன்னத்தை அவள் கன்னத்தோடு சேர்த்தார். 26 ஆண்டுகளுக்கு முன் ஈன்ற தாய்க்குச் செய்த அதே செயலைப் பசுவாகிய லட்சுமிக்கும் செய்தார். அவளது உள்ளம் ஒடுங்கித் தெளிந்ததை உணர்ந்தபின் விடைபெற்றுச் சென்றார். முற்பகல் 11.30 மணிக்கு லட்சுமியின் உயிர் அமைதியாகப் பிரிந்தது.

முறையான சடங்குகளோடு அவள் அடக்கம் செய்யப்பட்டாள். சமாதியின்மீது அவளது உருவம் அமைக்கப்பெற்றது. அவள் முத்தி எய்திய நாளையும் நட்சத்திரத்தையும் குறித்துப் பகவானே தமிழில் வெண்பா ஒன்று இயற்றினார். இறந்தாள் என்பதை மங்கலமாகச் சொல்லும் வழக்கால்தான் முத்தி என்று எழுதப்பட்டதா என ஓர் அன்பர் ஐயம் எழுப்பியபோது, அச்சொல்லை அதன் முழுப்பொருளிலேயே எழுதியதாகப் பகவான் உறுதி கூறினார். நாரைக்கும் கரிக்குருவிக்கும் மதுரையில் கிட்டிய பேறு அண்ணாமலையில் பசுவுக்கும் கிட்டிற்று.

இது சித்தியா?

விலங்குகளின் உள்ளத்தை அறிவதும் அவற்றோடு உள்ளத்தால் உரையாடுவதும் அரியதொரு சித்தி என்று கருதி, அதனைப் பயில விழைவோர் உலகில் உண்டு. பகவான் சித்திகளை நாடுவதை ஊக்குவித்தவர் அல்லர். தன்னிலை உணர்ந்து அதில் நிலைத்திருப்பதே உண்மைச் சித்தி என்பது அவர் இயற்றிய உள்ளது நாற்பதில் காணும் கருத்து. விலங்குகளைப் பற்றி அவர் அறிந்தவற்றுள் பெரும்பகுதி பொறுமையோடு கூர்ந்து நோக்கியதால் வந்தது. குரங்கின் குரலை அவர் ஆண்டுக்கணக்கில் கேட்டார். சின்னக் கருப்பன் தானே நெருங்கும்வரை அவனுடைய தனிமைக்கு இடம் கொடுத்தார். நோயுற்ற ஜாக்கியின் புண்ணைத் துடைத்தார். லட்சுமியின் இறுதி வேளையில் வைக்கோலில் அமர்ந்தார். இவற்றுள் எதுவும் மாயமன்று. இவற்றிற்கெல்லாம் அடிப்படையாக, தான் வேறு, பிறவுயிர் வேறு என்னும் எண்ணம் அற்ற உள்ளம் இருந்தது. அதுவே எவரும் எளிதில் அடைய இயலாத அற்புதம்.

இறுதிக் காலம்

1949ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பகவானின் இடக்கையில் கட்டி ஒன்று தோன்றியது. நான்கு முறை அறுவைச் சிகிச்சை செய்தும் நோய் தணியவில்லை. உடல் தளர்ந்த நிலையிலும் தரிசனத்தை நிறுத்த அவர் இசையவில்லை. 1947ஆம் ஆண்டில் பரோடா அரசியார் அனுப்பிய வெண்மயில் ஒன்று ஆசிரமத்தில் வளர்ந்து வந்தது. மகாசமாதி நாளன்று அம்மயில் அவர் இருந்த அறையின் கூரைமீது நின்று இடைவிடாது அகவியது என்றும், அதன் குரல் கேட்ட பகவான் அதற்கு உணவிட்டாயிற்றா என்று விசாரித்தார் என்றும் உடனிருந்தோர் கூறியுள்ளனர். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் இரவு 8.47 மணிக்கு, அன்பர்கள் அருணாசல நாமத்தைப் பாடிக்கொண்டிருக்க, அவரது மூச்சு அமைதியாக அடங்கியது.

தம் உடல் விடைபெறும் நாளிலும் ஒரு பறவையின் பசியை நினைத்த அந்தத் திருவுள்ளமே அடியார்களுக்கு அவர் விட்டுச் சென்ற உபதேசம். ஆலய வாசலில் படுத்திருக்கும் நாயும், கோபுரத்தில் அடையும் புறாவும், வீட்டில் வளரும் பூனையும் மொழியின்றி எதனையோ நாள்தோறும் கூறுகின்றன. அவற்றைக் கேட்பதற்கு மந்திரமும் தந்திரமும் வேண்டா. ஓங்கிய கோலைத் தாழ்த்தி, ஒரு பிடி உணவிட்டு, நோயுற்றபோது கைவிடாமல், சற்றே அமைதியாக அருகில் அமர்ந்தால் போதும். அந்த அமைதியில் அண்ணாமலையின் மௌனம் இன்றும் பேசும்.

அருணாசல சிவ!